சென்சிடிவிட்டியை எவ்வளவு வைப்பது? முழுசாக ஏற்றினால் மெட்டல் டிடெக்டர் ஓயாமல் கத்துகிறது

#1 வேலியோரம்

எல்லோருக்கும் வணக்கம். அக்காவின் மோதிரம் தொலைந்து இன்றோடு பதினோரு நாள் ஆகிறது. மெல்லிய தங்க மோதிரம், கல் எதுவும் இல்லை. வீட்டுக்குப் பின்னால் உள்ள புல்தரையில் களை பிடுங்கிக்கொண்டிருந்தபோது ஈரக் கையிலிருந்து நழுவியிருக்கிறது. எந்த இடம் என்று அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. ஒரு பக்கம் கம்பி வேலி, இன்னொரு பக்கம் வீட்டுச் சுவர், இரண்டுக்கும் நடுவில் பத்தடி அகலத்துக்குப் புல். மேலே மின்கம்பி போகிறது.

இதற்காகவே ஒரு டிடெக்டர் வாங்கினேன். நடுத்தர ரகம்தான். சென்சிடிவிட்டி 1 முதல் 10 வரை இருக்கிறது. விற்றவர், "தங்கம் தேடுவதென்றால் முழுசாக ஏற்றி வையுங்கள்" என்று சொல்லி அனுப்பினார். 10-இல் வைத்தால் காயிலை (தண்டின் நுனியில் இருக்கும் தட்டை) தூக்கும் முன்பே பீப் பீப் என்று ஆரம்பிக்கிறது. அடியில் என்ன உலோகம் என்று காட்டும் எண்கள் திரையில் ஓடிக்கொண்டே இருக்கின்றன. நேற்று மட்டும் ஏழெட்டு இடத்தில் தோண்டினேன், ஒன்றிலும் எதுவும் இல்லை. குறைத்து வைத்தால் மோதிரத்தை விட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. எவ்வளவில் வைக்க வேண்டும்?

#2 ஈரமணல்

தம்பி, ஒரு சின்னச் சோதனை செய்துவிட்டுச் சொல்லுங்கள். எண் என்ன என்பதை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

உலோகம் எதுவும் இல்லாத இடத்தில் காயிலைத் தரையில் வைத்துவிட்டு, கருவியை அசைக்காமல் அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். கைபேசியை வீட்டுக்குள் வைத்துவிட்டு வாருங்கள். அப்போதும் கத்துகிறதா? அல்லது வீசும்போது மட்டும்தான் கத்துகிறதா? இரண்டும் வேறு வேறு நோய், மருந்தும் வேறு. அசையாமல் இருக்கும்போதே கத்தினால் அது காற்றில் வரும் மின்காந்த இரைச்சல். வீசினால் மட்டும் கத்தினால் மண், குப்பை, இல்லையென்றால் காயிலின் கேபிள் தளர்ந்து ஆடுவது.

அந்தக் கேபிளையும் ஒருமுறை பாருங்கள். காயிலுக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம்விட்டு, மீதியைத் தண்டில் இறுக்கமாகச் சுற்றியிருக்க வேண்டும். தொங்கிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு வீச்சுக்கும் பொய் சிக்னல் வரும்.

#3 வேலியோரம்

செய்து பார்த்தேன் அக்கா. 10-இல் அசையாமல் பிடித்தாலும் கத்துகிறது. கைபேசி சட்டைப்பையில்தான் இருந்திருக்கிறது. அதை உள்ளே வைத்ததும் பாதி அடங்கியது. காயிலைச் சுவர் மாதிரி நிமிர்த்திப் பிடித்து மெல்லத் திரும்பினால் ஒரு திசையில் சத்தம் அதிகம், இன்னொரு திசையில் குறைவு. வீசும்போது இன்னும் கூடுகிறது. வேலிக்கு இரண்டடி தூரத்தில் போனாலே ஒரே அலறல். கேபிள் தளர்வாகத்தான் இருந்தது, சுற்றிவிட்டேன்.

#4 அலைவரிசை

உங்களுக்கு மூன்றும் சேர்ந்து வந்திருக்கிறது: காற்றில் வரும் இரைச்சல், மண், வேலி. ஒன்றை ஒன்றிலிருந்து பிரித்துப் பார்த்தால்தான் வழி தெரியும். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

காயிலுக்குள் இரண்டு சுற்றுகள் இருக்கின்றன. ஒன்று காந்தப்புலத்தை அனுப்புகிறது. அந்தப் புலம் உலோகத்தில் பட்டால் அதற்குள் சுழல் மின்னோட்டம் உண்டாகி, அது திருப்பி ஒரு சின்னப் புலத்தை அனுப்புகிறது. இரண்டாவது சுற்று அதைக் கேட்கிறது. திரும்பி வரும் இந்த எதிரொலி மிக மிக மெலிசானது. அதைப் பெருக்கித்தான் கருவி நமக்கு பீப் சத்தமாகத் தருகிறது. பெரும்பாலான கருவிகளில் சென்சிடிவிட்டி என்பது இந்தப் பெருக்கலின் அளவு. சில மாடல்களில், "எவ்வளவு பெரிய சிக்னல் வந்தால் பீப் அடிக்கலாம்" என்ற எல்லைக்கோட்டைத்தான் அந்தப் பொத்தான் நகர்த்துகிறது. இரண்டிலும் நமக்குக் கிடைக்கும் பலன் ஏறக்குறைய ஒன்றே.

பெருக்கி மோதிரத்தைத் தனியாக அடையாளம் கண்டு பெருக்குவதில்லை. மின்கம்பியின் இரைச்சல், கைபேசியின் இரைச்சல், மண்ணில் உள்ள இரும்புத் தாதின் எதிரொலி, மோதிரத்தின் எதிரொலி என்று காயிலுக்குள் வருவது அத்தனையையும் ஒரே அளவில் பெருக்குகிறது. பழைய வானொலியில் தூரத்து நிலையம் கரகரவென்று வரும்போது சத்தத்தை ஏற்றினால் கரகரப்பும் சேர்ந்துதானே ஏறும்? அதே கதைதான் இங்கேயும்.

மண் விஷயம் இன்னும் மோசம். இரும்புத் தாது மிகுந்த மண்ணின் எதிரொலி, ஆழத்தில் கிடக்கும் சின்னப் பொருளின் எதிரொலியைவிடப் பல மடங்கு பெரியது. கிரவுண்ட் பேலன்ஸ் செய்யும்போது கருவி மண்ணின் எதிரொலி வரும் நேரத்தைக் கற்றுக்கொண்டு அதைக் கழித்துவிடுகிறது. உலோகத்தின் எதிரொலி வேறு தாமதத்தில் வருவதால்தான் இப்படிப் பிரிக்க முடிகிறது. ஆனால் சென்சிடிவிட்டியை அளவுக்கு மீறி ஏற்றினால், கழிப்பதற்கு முன்னாலேயே பெருக்கி மண்ணின் எதிரொலியால் நிரம்பி வழிந்துவிடும். வழிந்துவிட்டால் அதற்குள் மோதிரம் இருந்ததா இல்லையா என்று எந்தக் கணக்காலும் கண்டுபிடிக்க முடியாது. அந்த நிலையில் எண்ணைக் குறைத்தால்தான் ஆழம் கூடும்.

அதனால் வரிசை முக்கியம். முதலில் கேபிள், கைபேசி. அப்புறம் இரைச்சல் நீக்கம்: உங்கள் கருவியில் அலைவரிசையைச் சற்று நகர்த்தும் வசதி இருந்தால், காயிலை அசைக்காமல் வைத்து அதைச் செய்யுங்கள். பிறகு உலோகம் இல்லாத ஒரு சாண் இடம் பார்த்து, காயிலை மேலும் கீழும் ஆட்டி கிரவுண்ட் பேலன்ஸ். இவ்வளவும் முடிந்த பிறகுதான் சென்சிடிவிட்டியில் கை வைக்க வேண்டும். நடுவிலிருந்து ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். காரணமில்லாத சத்தம் ஆரம்பிக்கும் இடத்திலிருந்து ஒன்றோ இரண்டோ இறங்கி நில்லுங்கள்.

#5 மலைச்சரிவு

அலைவரிசை அண்ணன் சொன்ன இயக்கமெல்லாம் சரி. ஆனால் "சத்தம் வந்தால் இறங்கு" என்பதை எல்லோருக்கும் பொதுவான விதியாகச் சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.

பல வருடமாகத் தேடுகிறேன். ஆள் நடமாட்டமில்லாத, மின்கம்பி கிட்டத்தில் இல்லாத நிலங்களில் நான் உச்சத்துக்கு ஒரு படி கீழேதான் வைப்பேன். அவ்வப்போது கருவி கிசுகிசுக்கும். பொய்ச் சத்தம் எப்படி ஒலிக்கும், நிஜச் சத்தம் எப்படி ஒலிக்கும் என்று காதுக்குப் பழகிவிட்டது. பொய்ச் சத்தம் துண்டாக வரும், திரும்ப வீசினால் அந்த இடத்தில் இருக்காது. நிஜமான ஆழச் சிக்னல் மெல்லியதாக, ஓரங்கள் மழுங்கி, போகும்போதும் வரும்போதும் அதே இடத்தில் வரும். எனக்குக் கிடைத்த பழைய காசுகளில் நல்லவை எல்லாம் இப்படிக் கிசுகிசுத்தவைதான். முழு அமைதிக்கு இறக்கி வைத்திருந்தால் அவற்றின் மேலே நடந்து போயிருப்பேன்.

ஹெட்போன் போடாமல் இதைச் செய்ய முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்பீக்கரில் இந்த நுட்பம் கேட்காது.

#6 காந்தமண்

மலைச்சரிவு சொல்வது அவர் நிலத்துக்குப் பொருந்தும். என் மண்ணில் அதைச் செய்து இரண்டு வருடம் வீணடித்தேன்.

நான் தேடும் இடம் கருமணல் கலந்த மண். ஒரு காந்தத்தை மண்ணில் இழுத்தால் முள் முள்ளாகக் கருப்புத் துகள் ஒட்டிக்கொண்டு வரும். ஆரம்பத்தில் எப்போதும் உச்சத்தில்தான் வைத்திருந்தேன். கத்துவது மண்ணின் குணம், நம் கையில் ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் ஒரு செப்புக்காசைப் பதினைந்து சென்டிமீட்டர் ஆழத்தில் நானே புதைத்துவிட்டு அதன் மேல் வீசிப் பார்த்தேன். உச்சத்தில் காசு கேட்கவே இல்லை. கேட்டது என்று சொன்னாலும் சொல்லலாம், மற்ற இரைச்சலோடு சேர்ந்து ஒரு சத்தம். ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டே வந்தேன். மூன்றில் இரண்டு பங்குக்கு வந்தபோது அந்த இடத்தில் மட்டும் ஒரு சீரான "டுங்" கேட்டது. பத்து முறை வீசினேன், பத்து முறையும் அதே இடம். இன்னும் பாதிக்கும் கீழே இறக்கினேன், மறுபடி காணாமல் போனது.

அன்றைக்கு எனக்கு உறைத்தது: மேலேயும் தப்பு இருக்கிறது, கீழேயும் தப்பு இருக்கிறது, நடுவில் அந்த மண்ணுக்கென்று ஒரு இடம் இருக்கிறது. அதைத் தேடிக் கண்டுபிடிப்பதும் வேலையில் பாதி. இப்போது புது இடத்துக்குப் போனால் முதல் கால் மணி நேரம் எதையும் தோண்டுவதில்லை. புதைத்த காசு ஒன்றின் மேல் வீசிப் பார்த்துக்கொண்டே இருப்பேன். (சோதனைக் காசில் ஒரு நூலைக் கட்டிப் புதையுங்கள். முதல் தடவை கட்ட மறந்து அதையும் தேட வேண்டியதாயிற்று.)

சின்ன காயிலும் பெரிய உதவி. பெரிய காயில் ஒரே சமயத்தில் நிறைய மண்ணைப் பார்க்கிறது, அதனால் நிறைய மண்ணின் எதிரொலியை வாங்குகிறது. காற்றில் வரும் இரைச்சலையும் அதிகம் பிடிக்கும்.

#7 அலைவரிசை

இருவரும் ஒன்றுக்கொன்று எதிராகப் பேசவில்லை என்பது என் எண்ணம். மலைச்சரிவின் நிலத்தில் பின்னணி இரைச்சலே குறைவாக இருக்கிறது, அதனால் உச்சம் வரை போக இடம் உண்டு. காந்தமண் இருக்கும் இடத்தில் அது இல்லை.

ஆனால் சென்சிடிவிட்டியை ஏற்றினால் எவ்வளவு ஆழம் கிடைக்கும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்த வாதமே கொஞ்சம் சின்னதாகிவிடும்.

காயிலின் அகலத்தைவிட ஆழமாகக் கிடக்கும் சின்னப் பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். காந்தப்புலம் கீழே போகப் போக, தூரத்தின் மூன்றாம் அடுக்குக்குத் தலைகீழாகக் குறைகிறது. பொருளிலிருந்து திரும்பி வரும்போதும் அதே போல மூன்றாம் அடுக்கு. இரண்டையும் சேர்த்தால் ஆறாம் அடுக்கு. அதாவது தூரம் இரண்டு மடங்கானால் எதிரொலி 64-இல் ஒரு பங்காகிவிடும்.

இதைத் திருப்பிப் போடுங்கள். பெருக்கலை இரண்டு மடங்காக ஏற்றினால் ஆழம் இரண்டு மடங்காகாது. 12 சதவீதம்தான் கூடும். 20 சென்டிமீட்டரில் கேட்டது 22-க்குக் கொஞ்சம் மேலே கேட்கும், அவ்வளவுதான். பத்து மடங்கு ஏற்றினாலும் 30-ஐத் தொடாது. அதுவும் இரைச்சலே இல்லாத கற்பனை உலகத்தில். நிஜத்தில் இரைச்சலும் பத்து மடங்காகிவிடும்.

இதே கணக்கு வேறொரு பக்கம் நமக்குச் சாதகமாக வேலை செய்கிறது. காயிலைத் தரையிலிருந்து ஆறு சென்டிமீட்டர் உயரத்தில் வீசுகிறவர் இரண்டு சென்டிமீட்டருக்கு இறக்கினால், மொத்தத் தூரம் 24-இலிருந்து 20 ஆகிறது. எதிரொலி ஏறக்குறைய மூன்று மடங்காகும்! மண்ணின் எதிரொலியும் சேர்ந்து கூடும்தான், ஆனால் மின்கம்பியின் இரைச்சல் ஒரு துளி கூடாது. பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் இது கிடைக்காது. பலர் வீச்சின் இரண்டு முனையிலும் ஊஞ்சல் மாதிரி காயிலைத் தூக்கிவிடுகிறார்கள். அங்கே போகும் ஆழத்தை எந்த எண்ணாலும் மீட்க முடியாது.

#8 ஈரமணல்

அலைவரிசையின் கணக்கு அருமை. ஆனால் தம்பியின் கேள்விக்குத் திரும்புவோம், ஏனென்றால் அவருக்கு ஆழமே வேண்டாம்.

பதினோரு நாள்தான் ஆகியிருக்கிறது. உழுத நிலமில்லை, புல்தரை. யாராவது மிதித்து அழுத்தியிருந்தாலும் மோதிரம் புல்லின் வேருக்குள், அதிகம் போனால் மூன்று நான்கு விரல் ஆழத்தில்தான் இருக்கும். அங்கே கிடக்கும் மோதிரத்துக்கு 10 எதற்கு? பாதியே தாராளம். உங்களுக்கு வேண்டியது தெளிவு. வேலிக்கும் மோதிரத்துக்கும் நடுவில் கருவி பிரித்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

நான் கடற்கரையில் தேடுகிறவள். காய்ந்த மணலில் நன்றாக ஏற்றி வைப்பேன். ஈர மணலுக்குள் கால் வைத்ததும் இறக்கிவிடுவேன், ஏனென்றால் உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும், கருவிக்கு அதுவே ஒரு பெரிய உலோகத் தகடு மாதிரித் தெரியும். உப்பின் எதிரொலி வரும் தாமதம் வேறு, கருமணலின் தாமதம் வேறு. ஒரே அலைவரிசையில் வேலை செய்யும் கருவியால் இரண்டையும் ஒருசேரக் கழிக்க முடியாது. பல அலைவரிசைக் கருவிகள் அங்கே நன்றாகத் தாக்குப்பிடிக்கும். இதை ஏன் சொல்கிறேனென்றால், ஒரே நாளில், ஒரே கருவியில், இருபது அடி நடந்ததற்கே எண்ணை மாற்ற வேண்டியிருக்கிறது. "எவ்வளவில் வைப்பது" என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடைக்காததற்குக் காரணம் இதுதான்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. வீட்டில் யாரிடமாவது அதே மாதிரி மெல்லிய மோதிரம் இருக்கும், வாங்குங்கள். அதில் பளிச்சென்ற நிறத்தில் ஒரு முழம் நூல் கட்டுங்கள். அதே புல்லில், வேலியிலிருந்து தள்ளி, புல்லை விலக்கி அடியில் படுக்கையாக வையுங்கள். சென்சிடிவிட்டி 5. மெதுவாக வீசி, திரையில் என்ன எண் வருகிறது, ஒலி எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். பத்து முறை. அப்புறம் மோதிரத்தை நிமிர்த்தி, விளிம்பு மேலே வருமாறு மண்ணில் சொருகி மறுபடி வீசுங்கள். சிக்னல் மெலியும். அந்த மெலிந்த சிக்னலும் உங்கள் காதுக்குத் தெளிவாகக் கேட்கும் அளவுக்கு மட்டும் சென்சிடிவிட்டியை வையுங்கள். அதுதான் உங்கள் எண். ஐந்தாக இருக்கலாம், ஆறாக இருக்கலாம், உங்கள் புல்தரைதான் சொல்லும்.

முக்கியமான ஒன்று: டிஸ்கிரிமினேஷனில் (வேண்டாத உலோகங்களுக்குச் சத்தம் வராமல் ஒதுக்கும் வசதி) அலுமினியத் தாள், கேன் மூடி வளையம் என்று எதையும் ஒதுக்கி வைக்காதீர்கள். மெல்லிய தங்க மோதிரம் அவை வரும் அதே எண்களில்தான் வரும். குப்பையை ஒதுக்கினால் மோதிரமும் சேர்ந்து ஒதுங்கிவிடும்.

#9 மலைச்சரிவு

மோதிரத்துக்கு ஈரமணல் சொன்னதே சரி. நான் ஆழத்தில் கிடக்கும் பழைய பொருட்களை மனதில் வைத்து எழுதிவிட்டேன். தம்பி, என் பேச்சைக் கேட்டு ஏற்றி வைத்துவிடாதீர்கள்.

#10 நடைபாதை

நடுவில் ஒரு சந்தேகம். என்னிடம் இருப்பது மைன்லேப் ஈக்வினாக்ஸ் 800. அதில் 1 முதல் 25 வரை. நண்பர் எக்ஸ்பி டியூஸ் வைத்திருக்கிறார், அதில் 99 வரை போகிறது. அவர் 90-இல் வைக்கிறார். அப்படியென்றால் அவருடையது அதிக ஆழம் பார்க்குமா? எனக்கு 25-இலிருந்து இறங்க மனம் வரவில்லை.

#11 அலைவரிசை

இல்லை. ஒரு அளவுகோலை 25 துண்டாக்கினாலும் 99 துண்டாக்கினாலும் அதன் நீளம் மாறாது. உற்பத்தியாளர் எத்தனை படிகளாகப் பிரித்தார் என்பதுதான் அந்த எண். இரண்டு கருவிகளின் எண்களை ஒப்பிடவே முடியாது. உங்கள் கருவி தொழிற்சாலையிலிருந்து வரும்போது 20-இல் இருக்கும். அதை உருவாக்கியவர்களே உச்சத்தில் வைத்து அனுப்பவில்லை என்பதைக் கவனியுங்கள். 20-இல் தொடங்கி, இடம் அமைதியாக இருந்தால் ஏற்றுங்கள்.

இருவரும் பக்கத்தில் பக்கத்தில் தேடினால் ஒருவர் கருவி மற்றவர் கருவியைக் குழப்பும். இடைவெளி விடுங்கள், இல்லையென்றால் இரைச்சல் நீக்கத்தை இருவரும் மறுபடி செய்யுங்கள். தோண்டிய குழிக்குள் இடத்தைத் துல்லியமாகக் காட்ட கையில் பிடிக்கும் சின்னக் கருவியான பின்பாயின்டரும் காயிலுக்குக் கிட்டே இருந்தால் கத்த வைக்கும்.

#12 மட்டுறுத்துநர்

இதைப் படிக்கும் புதியவர்களுக்கு மட்டும்: சொந்த இடமாக இல்லாவிட்டால் நில உரிமையாளரிடம் அனுமதி வாங்கிய பிறகே தேடுங்கள். தொல்லியல் இடங்களுக்குச் சட்டம் தனி. போர் நடந்த நிலங்களில் வெடிக்காத குண்டுகள் கிடக்கலாம், அங்கே தோண்டவே கூடாது. இழை தொடரட்டும்.

#13 வேலியோரம்

எல்லோருக்கும் நன்றி. இன்று காலை ஈரமணல் அக்கா சொன்ன மாதிரியே செய்தேன். அம்மாவின் மோதிரத்தில் சிவப்பு நூல் கட்டி, புல்லுக்கடியில் வைத்தேன். படுக்கையாக இருக்கும்போது திரையில் 42, சில சமயம் 41. நிமிர்த்தி வைத்தபோது எண் தடுமாறியது, 38-க்கும் 43-க்கும் நடுவில் ஆடியது, ஆனால் சத்தம் வந்தது. 6-இல் இரண்டுமே தெளிவு. 7-இல் மின்கம்பிக்கு நேர் கீழே கொஞ்சம் கிரிச் கிரிச். அதனால் 6.

நூல் கட்டி வரிசை வரிசையாகப் பிரித்துக்கொண்டு, காயிலின் பாதி அகலம் முந்தின வீச்சின் மேல் விழுமாறு நடந்தேன். அமைதியாக இருந்தது! முதல் தடவையாக, கருவி கத்தினால் அதற்கு ஒரு காரணம் இருந்தது. இரண்டு ஆணி, ஒரு நசுங்கிய மூடி, பால் பாக்கெட் அளவு அலுமினியத் தாள், பழைய சாவி ஒன்று. மோதிரம் இல்லை.

நடுப்பகுதி முழுக்க முடித்துவிட்டேன். மீதி இருப்பது வேலியோரத்தில் மூன்றடி. அங்கே 6-இலும் வேலியின் சத்தம்தான். அக்கா பெரும்பாலும் வேலிப் பக்கம்தான் களை எடுத்தாராம்.

#14 அலைவரிசை

வேலி உங்கள் கருவிக்கு ஒரு மிகப் பெரிய இலக்கு. அதன் எதிரொலி வந்துகொண்டிருக்கும் வரை மோதிரத்தின் எதிரொலி அதற்குள் அமுங்கித்தான் போகும்.

இந்தத் தொல்லை டிடெக்டர் பிறந்த நாளிலிருந்தே இருக்கிறது. 1881 ஜூலை 2 அன்று அமெரிக்க அதிபர் ஜேம்ஸ் கார்ஃபீல்ட் சுடப்பட்டார். உடம்புக்குள் குண்டு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல், இன்று நாம் கையில் பிடித்திருக்கும் கருவியின் மூதாதை என்று சொல்லத்தக்க ஒன்றைச் செய்து எடுத்துக்கொண்டு வெள்ளை மாளிகைக்கே போனார். சோதனைகளில் நன்றாக வேலை செய்த கருவி அங்கே தெளிவாக எதையும் சொல்லவில்லை. மெத்தைக்கடியில் எஃகுக் கம்பிகளால் ஆன இன்னொரு மெத்தை இருந்தது என்பது பிறகுதான் பெல்லுக்குத் தெரிந்தது. மருத்துவர்கள் நம்பிய வலப்பக்கத்தில்தான் அவர் தேடினார், குண்டு இருந்ததோ இடப்பக்கம். செப்டம்பர் 19 அன்று கார்ஃபீல்ட் இறந்துபோனார். அந்தக் கம்பி மெத்தைதான் உங்கள் வேலி.

#15 காந்தமண்

வேலியோரத்துக்கு என் வழி இது. சென்சிடிவிட்டியை 3-க்கு இறக்குங்கள், பயப்பட வேண்டாம். வேலியைப் பார்த்து வீசாதீர்கள், வேலிக்கு இணையாக வீசுங்கள். வேலியை நோக்கி வீசினால் ஒவ்வொரு வீச்சிலும் வேலி "வருகிறது, போகிறது" என்று கருவி நினைத்து பீப் அடிக்கும். இணையாக வீசினால் வேலியின் தூரம் மாறாது. மாறாத சிக்னலை இந்தக் கருவிகள் தானாகவே ஓரளவு மறந்துவிடும், அசைகிற காயிலுக்கு மாறி மாறி வருவதைத்தான் அவை சொல்லும். கை நடுங்காமல், ஒரே தூரத்தில், மிக மெதுவாக வீசுங்கள். சின்ன காயில் யாரிடமாவது கிடைத்தால் இன்னும் நல்லது.

சோதனை மோதிரத்தை அங்கேயும் வைத்துப் பாருங்கள். நடுவில் 6 என்று கிடைத்த விடை வேலியோரத்தில் செல்லாது.

#16 மெல்லிழை

இதே மாதிரி ஒரு மெல்லிய தங்கச் சங்கிலியைத் தேட வேண்டியிருக்கிறது. மோதிரத்துக்கு வைக்கும் அளவே போதுமா?

#17 ஈரமணல்

போதாது. மோதிரம் மூடிய வளையம், சுழல் மின்னோட்டம் அதில் தங்குதடையில்லாமல் சுற்றி வரும். அதனால் அளவில் சின்னதாக இருந்தாலும் நன்றாகக் கேட்கும். சங்கிலியில் கண்ணிகள் ஒன்றையொன்று சும்மா தொட்டுக்கொண்டிருக்கின்றன, மின்னோட்டம் கண்ணிக்குக் கண்ணி சரியாகத் தாண்டுவதில்லை. கருவிக்கு அது சங்கிலியாகத் தெரியாது, தனித்தனிக் கண்ணியாகத்தான் தெரியும். கொக்கிதான் பெரும்பாலும் கேட்கும். உங்களுக்கு அமைதியான இடம், உயர்ந்த அலைவரிசை, இடம் பொறுக்கும் வரை ஏற்றிய சென்சிடிவிட்டி, தரையை உரசும் காயில் எல்லாம் வேண்டும். வெட்டுப்பட்ட மோதிரத்துக்கும் இதே நிலைதான், வளையம் உடைந்துவிட்டால் சிக்னல் சட்டென்று மெலிந்துவிடும்.

உங்களுக்குத் தனி இழை தொடங்குங்கள், வந்து சொல்கிறேன்.

#18 வேலியோரம்

கிடைத்துவிட்டது.

கை இன்னும் நடுங்குகிறது, தட்டச்சில் பிழை இருந்தால் மன்னியுங்கள். 6-இல் தொடங்கி இறக்கிக்கொண்டே வந்தேன். வேலிக்கு ஒன்றரை அடி தூரத்தில் 4 வரை வேலியின் சத்தம். 3-இல் அடங்கியது. சிவப்பு நூல் மோதிரத்தை அங்கே வைத்தேன், 3-இலும் கேட்டது. அப்போதே பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

முதல் நடையில் ஒன்றும் இல்லை. வேலியின் கடைசிக் கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன சத்தம் வந்த மாதிரி இருந்தது, ஆனால் கம்பம்தான் என்று தாண்டிப் போய்விட்டேன். மனசு கேட்கவில்லை. மலைச்சரிவு அண்ணன் எழுதியது ஞாபகம் வந்தது: போகும்போதும் வரும்போதும் அதே இடத்தில் வந்தால் நிஜம். திரும்பி வந்து ஹெட்போனைப் போட்டுக்கொண்டு, ஒரு சாண் அகலத்துக்கு மட்டும், நத்தை வேகத்தில் வீசினேன். டுங். திரும்ப வீசினேன், டுங். கம்பத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, நகராத சத்தம்.

கையாலேயே புல்லை விலக்கினேன். அக்கா பிடுங்கிப் போட்ட களைக் குவியல் காய்ந்து அங்கே படிந்திருந்தது. அதற்கடியில், ஒரு களையின் வேர்க் கொத்துக்குள் மாட்டிக்கொண்டு நின்றிருந்தது. களையைப் பிடுங்கிப் போடும்போது அதோடு சேர்ந்து போயிருக்கிறது. முதல் நாள் 10-இல் வைத்துக்கொண்டு அந்த இடத்தில் இரண்டு தடவை நடந்திருக்கிறேன்.

அக்கா இன்னும் விரலில் போடவில்லை. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

#19 ஈரமணல்

படித்துவிட்டுக் கண் கலங்கிவிட்டது தம்பி. அக்காவிடம் என் அன்பைச் சொல்லுங்கள்.

பின்னால் வருகிறவர்களுக்காக ஒன்றைக் கேட்டு வைக்கிறேன்: எண் என்ன காட்டியது? நின்ற வாக்கில் இருந்ததா, படுக்கையாகவா?

#20 வேலியோரம்

நின்ற வாக்கில்தான் அக்கா, வேர் பிடித்து நிறுத்தியிருந்தது. எண் 39-க்கும் 43-க்கும் நடுவில் ஆடிக்கொண்டே இருந்தது. அம்மாவின் மோதிரத்தை நிமிர்த்தி வைத்தபோது ஆடிய அதே ஆட்டம். அதைப் பார்த்துதான் தோண்டக் கரண்டியை எடுக்காமல் கையாலேயே விலக்கினேன்.